எனக்கென்று சொன்ன புத்தகம்

நாகல் நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசுவோம். அன்று வகுப்பு இருக்காது என்பதால் சென்டர்காரர் இடத்தைக் காசு வாங்காமல் கொடுத்துவிடுவார். வருபவர்கள் மாதத்துக்கு மாதம் மாறுவார்கள். தவறாமல் வருபவர்கள் நான்கு பேர்தான். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வரும் முருங்கை விவசாயி ஒருவர். விண்வெளிக் கதைகளைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவருக்குச் சரித்திர நாவல் வேண்டும், அதுவும் தலையணை கனத்தில். நத்தம் ரோட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பெண் ஒருத்தி. என்னைவிட இளையவள், பேய்க்கதைப் பைத்தியம். நான்காவது நான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பயணக் கட்டுரையும் தன்வரலாறும் மட்டும் படிப்பேன். கதை என்று ஒன்றைக் கையில் எடுத்தால், இது நடக்கவே இல்லையே என்ற நினைப்பு வந்து மனசு ஒட்டாது.

ஆளாளுக்குத் தன் வகையையே தூக்கிப் பிடித்துப் பேசி அலுத்துப்போன ஒரு கூட்டத்தில் கண்டக்டர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

“இனிமே எனக்கு இது பிடிக்கும் அது பிடிக்கும்னு பொதுவாச் சொல்ல வேணாம். ஒரு ஆளப் பாத்து, இது ஒங்களுக்குன்னு சொல்லணும். அவுக படிக்காத வகையா இருக்கணும். அடுத்த கூட்டத்துல அதைப் பத்திப் பேசணும்.”

விவசாயி உடனே அவருக்கே ஒன்றைச் சொன்னார். நட்சத்திரங்களுக்கு நடுவில் வழி தவறிய ஒரு கப்பலைப் பற்றிய கதை.

“ராஜா இல்லாத கதைய எப்பிடிப்பா படிக்கிறது?” என்றார் கண்டக்டர்.

“ஏனுங்க, அங்கயும் சண்டையெல்லாம் இருக்குதுங்க. படிச்சுப் பாருங்க.”

மெடிக்கல் ஷாப்காரி என் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஏதோ ஊர்வலம் போனது. மேளச் சத்தத்தில் அவள் ஏறக்குறையக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தலைப்பு மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. எழுதியது யார் என்று கேட்டேன். நெற்றியைத் தட்டிப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

“ஆனா அக்கா, படிக்கும்போது பூரா ஒங்க நெனப்புத்தான். அதுல வர்ற பொம்பள நீங்களேதான். யாரோ ஒங்களப் பக்கத்துல இருந்து பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.”

யாருக்குத்தான் அப்படிச் சொன்னால் பிடிக்காது? எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் பேய்க்கதை அல்லாமல் வேறொன்றும் படித்திருக்கிறாளே என்று நினைத்தேன், ஏனென்றால் அந்தத் தலைப்பில் பேய் இருப்பதாகத் தோன்றவில்லை. சாதாரணமான இரண்டு வார்த்தைகள். எழுதியவர்களைச் சங்கடப்படுத்த விரும்பாததால் அதை இங்கே சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அந்த வாரம் சரக்கெடுக்க மதுரை போனவரிடம் தலைப்பைச் சொல்லி அனுப்பினேன். வாஷர், பேரிங் பெட்டிகளோடு புத்தகத்தையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். “கேட்ட ஒடனே எடுத்துக் குடுத்துட்டான். நல்லா ஓடுற புத்தகம் போல” என்றார்.

அது ஒரு நாவல். அதில் வருபவளும் ஆசிரியை. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஒரே மகள் வெளியூரில் படிக்கிறாள். புருஷன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, ஒரு குறை சொல்ல முடியாத ஆள். ஒரு காலையில் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு விசிலுக்குக் காத்திருக்கிறாள். விசில் வருகிறது, அடுப்பை அணைக்கிறாள், கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஏன் போனாள் என்று கடைசிவரை அவளும் சொல்லவில்லை, எழுதியவரும் சொல்லவில்லை. திரும்பி வரவும் இல்லை.

என் மகளும் கோயம்புத்தூரில் படிக்கிறாள். என் வீட்டுக்காரரையும் ஒரு குறை சொல்ல முடியாது.

முடித்ததும் முதலில் வந்தது கோபம். எதைப் பார்த்து என்னை இவளோடு சேர்த்தாள்? பிறகு பயம். நான் ஏதாவது உளறியிருக்கிறேனா? பள்ளி விட்டு வரும்போது பெரும்பாலும் அவள் கடையில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன். ஃபேனுக்குக் கீழே ஒரு ஸ்டூல் கிடக்கும். மாத்திரை வாங்கவும் இல்லாமல், பெரிதாகப் பேசவும் இல்லாமல், வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் தாழட்டும் என்றுதான் உட்கார்ந்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். மழைக்காலத்திலும் உட்கார்ந்தேனே என்பது இப்போதுதான் உறைத்தது. வீட்டில் எனக்காக ஒரு வேலையும் காத்துக்கொண்டிருக்கவில்லை, ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஏன் அங்கே உட்கார்ந்தேன்?

கேட்டுவிடலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். என்னைக் கண்டதும் அவளே ஆரம்பித்தாள்.

“படிச்சிட்டீங்களாக்கா?”

“படிச்சேன்.”

“நீங்கதான அது?”

“எதை வச்சு அப்பிடிச் சொல்ற?”

“எல்லாத்தையும்தான். நடை, பேச்சு, அந்த மொறப்பு. யாருக்கும் பயப்படாம நிக்கிறது.”

“முடிவு?”

“முடிவுதான் அம்புட்டு அழகு! நீங்களா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க. இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார், அவள் அலமாரிப் பக்கம் போய்விட்டாள். இவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாளே என்று திகைத்துப்போய் நின்றேன். அன்றைக்கு ஸ்டூலில் உட்காரவில்லை.

வீட்டில் நான் பேச்சைக் குறைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் கவனித்திருக்கிறார். தினசரியைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் சமையலில் இருந்தபோது அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்கும் கொண்டு போனார். பில் போடும் மேஜையில் வைத்துப் படிப்பதைப் பார்த்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் மனைவி என்னிடம் சொன்னாள். சில நாள் கழித்துச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

“இதை யாரு ஒனக்குச் சொன்னா?”

“மெடிக்கல் ஷாப்ல இருக்காள்ல, அவ.”

“என்னன்னு சொன்னா?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. “அதுல வர்றது நான்தானாம்.”

ரசக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். “நான் ஏதும் செஞ்சேனா?”

“இல்லைங்க.”

“ஏதும் செய்யாம விட்டேனா?”

“அதுவும் இல்ல.”

“பெறகு?”

“தெரியலைங்க. எனக்கே புரியல.”

மறுநாளிலிருந்து அவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டார். குக்கர் வைக்கும் நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு வெயிலைப் பற்றி, கரண்ட் கட்டைப் பற்றி ஏதாவது பேசினார். விசில் வந்ததும் அவரே பாய்ந்து அடுப்பை அணைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “நான் எங்கயும் போகலைங்க” என்று சொல்ல நினைப்பேன். போவதாக யாரும் சொல்லாதபோது அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அதுவே சந்தேகமாகிவிடாதா? சொல்லவில்லை.

அடுத்த கூட்டம் வந்தது. கண்டக்டர் நட்சத்திரக் கப்பலைப் படித்து முடித்திருந்தார். ராஜா இல்லாவிட்டாலும் கேப்டன் ஒருவன் இருந்ததால் தாக்குப்பிடித்ததாகச் சொன்னார். பிறகு என் முறை. இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஒரு காரணமும் இல்லாமல் ஒருத்தி ஒரு வாழ்க்கையை விட்டு இறங்கிப்போக முடியுமா, முடியும் என்றால் எல்லா வீட்டிலும் அந்தக் கதவு திறந்துதானே கிடக்கிறது என்று பேசினேன். விவசாயி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெடிக்கல் ஷாப்காரி மட்டும் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, இதுல பேய் எப்ப வரும்?”

“எந்தப் பேய்?”

“பங்களாப் பேய்க்கா. அந்த டீச்சரு வாடகைக்குப் போற பங்களா.”

புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தாள், பின்பக்கம் திருப்பினாள், உள்ளே புரட்டினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தலைப்பு அதேதான். எழுதியவர் வேறு, கதை வேறு. அவள் சொன்னது பழைய மாத நாவல் ஒன்று. பேய் பிடித்த பங்களாவுக்குக் குடிபோகும் ஒரு பள்ளி ஆசிரியை, நடுராத்திரி வந்து நிற்கும் பேயை முறைத்து, நேராக நில் என்று அதட்டி, கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைகிறாள். முடிவில் பேயே தாங்க முடியாமல் பங்களாவைக் காலி செய்துவிட்டு ஓடிவிடுகிறது.

“நீங்களா இருந்தாலும் அதைத்தான செஞ்சிருப்பீங்க?” என்று அவள் திரும்பவும் கேட்டபோது எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். கண்டக்டருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது, அப்படியானால் இத்தனை நாள் நான் பட்டது என்ன என்று ஒரு கேள்வி வந்து நின்றது. அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். பங்களா, பேய், எல்லாவற்றையும். அவரும் சிரித்தார். தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல நாற்காலியில் சாய்ந்தார். டீ குடித்தோம். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்.

“சரி, அவ சொன்னது வேற புத்தகம். ஆனா இத்தன நாளா அது நீதான்னு நீ ஏன் நம்புன?”

நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. காபி போடுவதையும் நிறுத்தவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரும் வருகிறேன் என்றார். வண்டியில் அழைத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். மாடி ஏறி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். புது ஆள் என்பதால் அவரையும் ஒரு புத்தகம் சொல்லச் சொன்னார்கள்.

“நான் படிச்சதே ஒன்னுதாங்க” என்றார். “இவ பேசுனாளாமே, அது. அதையே சொல்றேன். யாருக்கு வேணும்னாலும்.”

“அதுல ஒங்களுக்கு என்ன பிடிச்சதுங்க?” என்று விவசாயி கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் புருஷன் பாவம் என்று சொல்வார், அவன் மேல் என்ன தப்பு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்றுகூடத் தயாராகிவிட்டேன்.

“அந்தம்மா போர்டு பாக்காம பஸ் ஏறுதுல்ல, அந்த எடம்” என்றார். “கடையில ஒக்காந்து அதை ரெண்டு மூணு வாட்டி படிச்சேன். எனக்கும் அப்பிடித் தோணியிருக்கு. மதுரைக்குச் சரக்கெடுக்கப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல நிப்பேன், எல்லாப் பஸ்ஸும் நிக்கும். எம் மனசுல கெடந்தத எவனோ எழுதிட்டானேன்னு நெனச்சேன். ஆம்பளைய வச்சு எழுதியிருக்கலாம், அதான் கொற.”

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் மட்டும் மெல்லத் தலையாட்டினார். அவர் வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் ஆட்களை ஏற்றியவர். அப்படி ஏறியவர்களைப் பார்த்திருப்பார் போலும்.

நான் போய்விடுவேனோ என்று பயந்துதான் குக்கர் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று எண்ணியிருந்தேன். அது மட்டும் இல்லை போலிருக்கிறது. வேறென்ன என்பது எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் இந்த மனிதர் மதுரை போனால் சரக்கோடு திரும்பி வருவார் என்பதைத் தவிர நான் வேறு எதையும் நினைத்துப் பார்த்ததில்லை.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன். “ஏன் ஏறலைங்க?”

“எதுல?”

“ஏதோ ஒரு பஸ்ல.”

ரயில்வே மேம்பாலத்தில் லாரி ஒன்று முந்திக்கொண்டு போனது. அது போகட்டும் என்று ஓரம் கட்டினார். “தெரியல” என்றார். “எனக்கே புரியல.”

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றியவர் என் புத்தக அலமாரி முன்னால் போய் நின்றார். “அடுத்து எதைப் படிக்கட்டும்? நீ சொல்லு, எனக்குன்னு ஒன்னு.”

பள்ளியில் பிள்ளைகள் கேட்டால் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பேன். இவருக்கு என்ன பிடிக்கும்? கூட்டு, பொரியல் என்றால் சொல்லிவிடுவேன். ஒரு பயணக் கட்டுரையை உருவினேன். ஏற்கெனவே பஸ் ஏறப் பார்க்கிற ஆளுக்கு இதையா என்று தோன்றி, திரும்பச் செருகினேன். ஒரு தன்வரலாற்றை எடுத்தேன். அதில் இரண்டாவது அத்தியாயத்திலேயே மனைவி இறந்துவிடுவாள். அதையும் வைத்துவிட்டேன். அவர் பின்னால் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன், எதில் கையை நிறுத்துவதென்று தெரியவில்லை.