டொமிக்குப் போட்ட ஊசி

மிருக வைத்தியர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் அல்சேஷன் டொமியின் முன்னங்கால் எலும்பு கரையான் அரித்த கட்டை போல் இருந்தது. சுளுக்கு என்று நினைத்து நாங்கள் தைலம் பூசிக்கொண்டிருந்தது எலும்புப் புற்றுநோய்க்கு! நாய்க்குமா இது வரும் என்று வாய்விட்டே கேட்டேன். பெரிய உடம்பு நாய்களுக்குத்தான் அதிகம் வரும் என்றார். காலை எடுத்தால் பிழைக்காதா என்றதற்கு நெஞ்சுப் படத்தைக் காட்டினார். நுரையீரல் வரைக்கும் பரவியிருந்தது. "வலியில வச்சிருக்க வேணாம், மிஸ். ஊசி போட்டுத் தூங்க வச்சிருவோம்" என்றார்.

கணவர் கொழும்பில் வேலையாக இருந்தார். கூட வந்திருந்தவர் மாமா, என் மாமனார். குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் சில்லறைக் கடை வைத்திருந்தவர். நான் கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த நாள் தொட்டு, டொமி வாலாட்டிக்கொண்டு கிட்டப் போனால் "அங்கிட்டுப் போ" என்று காலை இழுத்துக்கொள்வார். கல்நெஞ்சுக்காரர் என்று நானும் கணவரும் ஒளிவாகக் கேலி செய்வோம்.

மேசையில் கிடத்தியதும் டொமி திமிறியது. பிடிக்கத் தெம்பில்லாமல் நான் அழுதுகொண்டு நின்றேன். வாசலில் நின்ற மாமா உள்ளே வந்தார். டொமியின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்து, நோயில்லாத காலை நீட்டி, பெருவிரலால் நரம்பை அழுத்திப் புடைக்க வைத்தார். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, இந்த வேலை செஞ்சிருக்கீங்களா?"

"கல்யாணத்துக்கு முந்தி, வேற ஊர்ல. தெருநாய் பிடிக்கிற லொறியில இருந்தேன். ஊசி போட நான்தான் பிடிச்சுக் குடுக்கிறது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. அருவருப்பு என்று நான் நினைத்ததெல்லாம் பயம். எத்தனை நாய்கள் அந்தக் கைகளுக்குள் அடங்கினவோ! அவர் பெற்ற மகனுக்கே தெரியாத சங்கதி அது. இன்றுவரை நானும் சொல்லவில்லை. சில நாள் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கையில் அந்தக் கைகளைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போகிறேன்.

ஊசி ஏறும்போது டொமி மெல்லத் தலையைத் திருப்பி மாமாவின் கையை நக்கியது. அவர் முகம் கோணிப்போனது.

"அதுங்க எல்லாம் கடிக்க வந்துச்சுங்கம்மா" என்றார் என்னிடம். "இது நக்குதே."