வேல்விழியின் பத்து விரல்

வேல்விழிக்கு ஓட்டத்துக்குப் பயமில்லை, துப்பாக்கிக்கும் பயமில்லை. விருத்தாசலம் ஜங்ஷனில் பெங்களூரு ரயில் ஏறியபோது அவளுக்கிருந்த ஒரே கவலை தன் விரல்களைப் பற்றித்தான். ராணுவப் பயிற்சி முகாமின் வாசலில் மிஷினில் விரல் வைக்க வேண்டும். ரேகை ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று கூடத் தேர்வான பெண்கள் கிலி கிளப்பியிருந்தார்கள்.

பிளஸ் டூ முடித்ததிலிருந்து செராமிக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பொம்மை மட்டுமா தேயும்? அங்கே வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேரை ரேஷன் கடை மிஷினுக்கு அடையாளமே தெரியாது. அதனால்தான் ராணுவத்தில் சேரச் சொல்லி ஆர்டர் வந்த அன்றே வேலையை விட்டுவிட்டாள். தினமும் தேங்காயெண்ணெய் தடவி, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ரேகையும் லேசாகத் தெரிய ஆரம்பித்தது.

கிளம்புவதற்கு முதல் நாள், சொல்லிக்கொண்டு வரலாம் என்று கம்பெனிக்குப் போனாள். அங்கேதான் காரியம் கெட்டது. கூட வேலை பார்த்த தேவியக்காவோடு பேசிக்கொண்டே உட்கார்ந்தவள், பழக்க தோஷத்தில் ஒரு பொம்மையைக் கையில் எடுத்தாள். பேச்சு முடிந்தபோது பார்த்தால் ஒரு தட்டு முழுக்கத் தேய்த்து வைத்திருக்கிறாள்!

அம்மா திரௌபதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, புத்தி இருக்குதா ஒனக்கு? இத்தினி நாளு பொத்திப் பொத்தி வச்சதெல்லாம் போச்சே!" அவளும் அதே கம்பெனிதான், மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே.

"வுடும்மா. பத்துல ஒண்ணு கூடவா எடுக்காது?"

தைரியசாலிதான். ரயிலில் நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

முகாம் வாசலில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், அதுவும் சிவப்பு. ஹவில்தார் அம்மா இந்தியில் ஏதோ சொல்லி, அடுத்தது அடுத்தது என்று கையைக் காட்டினாள். வலது கை முழுக்கத் தோற்றது. இடது கையிலும் நாலு விரலுக்குச் சிவப்புதான். கடைசியாக இடது கைச் சுண்டுவிரலை வைத்தாள். பொம்மையைப் பிடிக்கும்போது எப்போதும் ஒதுங்கியே நிற்கிற விரல் அது. பச்சை விளக்கு எரிந்தது.

முகாமில் போனை வாங்கி வைப்பதற்குள் வீட்டுக்குப் பேசினாள்.

"எம்மா, உள்ள வந்துட்டேன். சுண்டுவிரலு காப்பாத்திடுச்சி."

"மத்ததெல்லாம்?"

"அதுவும் வந்துரும்மா. இங்கதான் தேய்க்கற வேலை இல்லியே. கொஞ்ச நாளு சும்மா வுட்டா தானா வரும்."

திரௌபதி கேட்டாள்: "எனக்கும் வருமாடி?"

"வரும். நாளையிலேருந்து நீ வேலைக்குப் போவாத," என்றாள் வேல்விழி. உத்தரவு மாதிரிதான் சொன்னாள், குரல்தான் உடைந்துவிட்டது.