கொள்ளி வைத்தவர் பெயரில் ஒரு பாக்கி

பினாங்கில் நான் சாமான் வாங்கும் மளிகைக்கடைச் சீனருக்கு இன்றுவரை என் பெயர் தெரியாது. எனக்குக் கடன் கொடுக்க அது அவருக்குத் தேவைப்பட்டதும் இல்லை. ஐம்பத்தொன்பதில் ஊரிலிருந்து அந்தக் கடிதம் வந்த மறுநாள், தெரிந்த மலாயில், வாங்காத கடனால் எனக்குக் கெட்ட பெயர் என்று அவரிடம் புலம்பினேன். நான் தவணை கேட்பதாக நினைத்துக்கொண்டு, "போலே, போலே" என்றார். ஆகட்டும், ஆகட்டும் என்று பொருள். அப்படிச் சுலபமாக ஆகட்டும் என்று சொல்லும் ஊரிலிருந்து நான் வரவில்லை.

கன்னிவாடியில் இருந்த மனைவியையும் மகளையும் அழைத்துவர இங்குள்ள தமிழர் சிக்கனச் சங்கத்தில் கடன் கேட்டிருந்தேன். சங்கத்தில் பாதிப்பேர் திண்டுக்கல் பக்கத்தவர்கள். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம் இல்லாமல் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். வந்த கடிதத்தில் என் பெயருக்கு நேரே "தவணை தவறியவர்" என்று இருந்தது. ஊரில் நான் ஒரு காசு கடன் வாங்கியதில்லை. சேர்த்ததையெல்லாம் கப்பல் டிக்கெட்டுக்குப் போட்டுப் புறப்பட்டேன்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்த ஊர்ச் சங்கத்தில் காரியதரிசி நிமிராமலே பேசினார்.

"கெணறு வெட்ட ஒங்கப்பா வாங்குனது. இந்தப் பக்கம் கொள்ளி வச்சவரு பேருக்குத்தான் பாக்கிய மாத்துறது. வச்சது நீங்கதான?"

"நான் அப்போ பினாங்குல இருந்தேன்யா."

"அங்கருந்தே கை நீண்டுச்சாக்கும்?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார்.

மூத்தவன் உயிரோடிருக்க, தகப்பனுக்கு இளையவன் கொள்ளி வைப்பதை எங்கள் ஊர் ஒப்பாது. தந்தி என் கைக்கு வருமுன் எல்லாம் முடிந்திருந்தது. வைத்தவன் தம்பி. ஆனால் சித்தப்பா சுடுகாட்டில் என் பெயரைச் சொல்லி, "மூத்தவன் வைக்கிறான்" என்று கூட்டத்துக்கு அறிவித்திருக்கிறார். எனக்குச் செய்த மரியாதை அது. தலையாரி அதை அப்படியே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நான் வைக்கல, தம்பிதான் வச்சான்னு எழுதி, ஒங்க சித்தப்பா கையெழுத்தையும் வாங்கிட்டு வாங்க. பாக்கி தம்பி பேருக்குப் போயிரும்" என்றார் காரியதரிசி.

தம்பி அந்தப் பட்டத்துக்குக் கடலை விதைக் கடன் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். பாக்கிதாரனுக்கு விதைக் கடன் கிடையாது. எழுதிய காகிதத்தை வீட்டில் எல்லார் முன்னாலும் வைத்தேன்.

"ஏலே, அம்புட்டுச் சனத்துக்கு முன்னால ஓம் பேரச் சொன்னேன். இப்ப என்னையப் பொய்யனாக்க வந்தியா?" என்றார் சித்தப்பா.

"போடுங்க சித்தப்பா. அண்ணனுக்கு அப்பாவும் வேணாம், அப்பா கடனும் வேணாம்" என்றான் தம்பி.

"மாசாமாசம் அனுப்பி நானே அடைச்சிர்றேன்டா."

"அடையிற மட்டும் காட்டுல என்னத்தண்ணே வெதைக்க? இந்தக் காயிதத்தையா?"

மகள் என்னை அந்நியனைப்போலப் பார்த்துக்கொண்டு மனைவியின் சேலைக்குப் பின்னால் நின்றாள். கையெழுத்துப் போட்டேன். சித்தப்பாவும் போட்டார். பேனாவை மூடியபடி, "இனிமே திதிய அவனே குடுக்கட்டும். வைக்காத கொள்ளிக்கு ஒனக்கு எதுக்குத் திதி?" என்றார்.

என் பெயர் சுத்தமாயிற்று. பினாங்கு திரும்பியதும் கடன் கிடைத்து, மறுவருடம் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். தம்பியின் காடு அந்தப் பட்டம் தரிசாகக் கிடந்ததாக மாமனார் எழுதினார். நான் தம்பிக்கு அனுப்பிய மணியார்டர்கள் அவன் வாங்க மறுத்ததால் திரும்பி வந்தன.

இந்த ஆடி அமாவாசைக்கு மற்றவர்களோடு நானும் பினாங்குக் கடற்கரைக்குப் போனேன். புரோகிதர் என் கையில் எள்ளை வைத்து, அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"கொள்ளி வச்சது நீங்கதானே?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர், நான் கொள்ளி வைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்ததன்மேல் எனக்குக் கடன் கொடுத்த சங்கத்துக்காரர்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரோகிதர் தண்ணீர்ச் செம்பைச் சாய்த்தபடி பதிலுக்காகக் காத்திருந்தார். முழங்காலளவு கடலில், எள்ளை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.