ஜெசிந்தாவின் பெயரில் நான் எழுதிய வரி

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தவறு செய்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்தப் பயணம் அதனால்தான் நேர்ந்தது.

குரோம்பேட்டையில் நான் ஒரு டிசைன் ஸ்டூடியோ நடத்திவந்தேன். என்னோடு சேர்த்து நான்கு பேர். கம்பெனிகளுக்கு லோகோவும் பெட்டியும் கையேடும் செய்து கொடுப்பது எங்கள் தொழில். ஒரு வேலை கிடைக்க வேண்டுமானால், முதலில் எங்கள் யோசனைகளை அவர்கள் முன் வரிசையாகக் காட்டிப் பேச வேண்டும். அதற்குப் பிட்ச் என்று பெயர். இணையத்திலேயே பிரசென்டேஷன் செய்து லிங்க் அனுப்பும் வசதி அப்போதுதான் எங்களிடம் வந்திருந்தது. ஆளுக்கொரு கணக்கு எதற்கு என்று ஒரே கணக்குதான் வாங்கினேன். அது எங்கள் டிசைனர் ஜெசிந்தாவின் பெயரில் இருந்தது. ஓரத்தில் அவருடைய சிறிய புகைப்படம். நாங்கள் நான்கு பேரும் அதற்குள் புகுந்துதான் வேலை செய்தோம்; யார் என்ன எழுதினாலும் அவர் பெயரில்தான் வரும்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கதவுக் கீலும் தாழ்ப்பாளும் செய்யும் தனசேகர் எங்களிடம் வந்தார். பெட்டியில் பெயரை மஞ்சளில் பெரிதாகப் போடுங்கள் என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்தது. ஜெசிந்தா வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் இப்படி ஒரு குறிப்பு எழுதினேன்: "இவருக்கு இதெல்லாம் புரியாது. கல்யாண மண்டப போர்டு மாதிரி மஞ்சளில் போட்டுக் கொடுங்கள், கை தட்டுவார்." எங்களுக்குள் சிரிப்பதற்காக எழுதியது.

மறுநாள் நானும் ஜெசிந்தாவும் தனசேகரின் அலுவலகத்துக்குப் போனோம்; அங்கே நானே லிங்கை அனுப்பினேன். பார்க்க மட்டும் அனுமதிக்கும் லிங்க் ஒன்று, ஓரக் குறிப்புகளோடு திறக்கும் லிங்க் ஒன்று என்று இரண்டு இருந்தன. நான் இரண்டாவதை அனுப்பிவிட்டேன். தனசேகர் தன் ஆட்களுக்கு முன்னால் அதைத் திறந்தார். ஏழாம் பக்கம் வந்தது. படித்தார். "ஜெசிந்தா யாருங்க?" என்று கேட்டார்.

திரை அருகே நின்றிருந்த ஜெசிந்தா அந்த வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பது எனக்கு அந்த நொடியே தெரியும். ஆனால், "நான் நடவடிக்கை எடுக்கிறேன் சார்" என்றேன்.

அடுத்த வாரம் ஜெசிந்தா வேலையை விட்டார். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு பழைய அச்சக நண்பரைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நம்ம ஜெசிந்தா தனியா ஸ்டூடியோ வெச்சிருக்குல்ல சார், செவ்வாக்கிழமை பதினொரு மணிக்கு தனசேகர் கம்பெனிக்கு ஆன்லைன்ல பிட்ச் பண்ணுதாம். கூப்பிட்டது அவர் பொண்ணு வித்யா. அப்பாவுக்குப் பழசு ஞாபகம் வந்துச்சுன்னா கதை முடிஞ்சுது. வாய்த்துடுக்குப் பொண்ணுன்னு அங்க பேராயிடுச்சே."

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு முன் தனசேகரைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

காலை 8.10. மாடம்பாக்கத்தில் என் வீட்டருகே ஷேர் ஆட்டோ ஏறினேன். கோயில் வாசலில் பூக்காரர்கள் அப்போதுதான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கேம்ப் ரோடு சிக்னலில் ஏழு நிமிடம் நின்றோம். தாம்பரம் கிழக்குக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய்.

8.50. தாம்பரத்தில் மின்சார ரயில், பல்லாவரத்துக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். "உக்காருங்க தாத்தா, குரோம்பேட்டைல இறங்கிடுவேன்" என்றாள். உட்கார்ந்தேன். சானடோரியம், பிறகு குரோம்பேட்டை. அந்த நிலையத்திலிருந்து ஜெசிந்தாவின் ஸ்டூடியோவுக்கு நடந்தே போகலாம் என்று அச்சக நண்பர் சொல்லியிருந்தார். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல், இரண்டாவது மாடி. ரயில் நின்றது, அந்தப் பெண் இறங்கினாள், ரயில் கிளம்பியது. நான் எழுந்திருக்கவில்லை.

9.15. பல்லாவரத்தில் இறங்கி ஆட்டோ பேசினேன். திருநீர்மலை வழியாக ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டார். என் இஸ்திரி போட்ட சட்டையையும் கையிலிருந்த தோல்பையையும் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா பெருசு, இண்டர்வியூவா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

"இந்த வயசுலயா? வூட்ல சும்மா குந்திகினு இருக்க முடியலையா?"

"ஒன்பது வருஷமா சும்மாதான் இருந்தேன்."

அவர் சிரித்தார். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

திருநீர்மலைக்கு அருகே சாலையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஒரு லாரி பின்வாங்க, ஒரு தண்ணீர் வண்டி முன்னே வர, இருபத்தைந்து நிமிடம் அசையவில்லை. "தினம் இதே பேஜாருதான் சார்" என்று ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். மலைக்கோயில் படிகளில் இரண்டு பேர் ஏறுவது தெரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். லேட்டாகிவிட்டால் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் ஒரு முறை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

10.20. திருமுடிவாக்கம். தகரக் கூரைகள், வெல்டிங் பொறி, எண்ணெய் வாடை. ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் ஒரு இயந்திரம் அடித்துக்கொண்டிருந்தது. தனசேகரின் தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். இவ்ளோ தூரம்? டீ சொல்லட்டுமா?"

டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த வரியை எழுதியது நான். அனுப்பியதும் நான். அந்தப் பெண்ணுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

வெளியே பிரஸ் மிஷின் இரண்டு மூன்று முறை இறங்கியது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன சார் ஆயிருக்கும்? ஒரு ஆர்டர் போயிருக்கும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"அந்தப் பொண்ணைப் பத்தி நான் இந்த எஸ்டேட்ல அஞ்சாறு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். வேலை கொடுக்காதீங்கன்னே சொல்லியிருக்கேன். எங்க கம்பெனி போர்டே மஞ்சள்தான் சார், எங்கப்பா கையால எழுதினது. எனக்கு அவ்ளோ கோவம்."

இது எனக்குப் புதிது. என் மௌனம் அந்த அறையோடு முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

வந்த வேலை முடிந்தது என்று எழுந்தேன். தனசேகர் கையை நீட்டித் தடுத்தார். "உக்காருங்க. இன்னும் அரைமணில அந்தப் பொண்ணு லைன்ல வரும். என்கிட்ட சொன்னதை அதுகிட்டயும் சொல்லுங்க."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. தவறைத் திருத்த வந்தபோதுகூட, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல் திருத்திவிடவே திட்டமிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

11.00. வித்யா வந்து சுவரிலிருந்த பெரிய திரையைப் போட்டார். முப்பது வயது இருக்கும், அப்பாவின் குரல். ஜெசிந்தா திரையில் தெரிந்தார். கண்ணாடி போட்டிருந்தார். மேசையின் இந்தப் பக்கம் நான் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே நின்றது. இணைப்பு போய்விட்டதோ என்று வித்யா ரிமோட்டைத் தேடினார்.

நான் எழுந்து நின்று, தனசேகரிடம் சொன்னதை மறுபடியும் சொன்னேன். மன்னித்துவிடும்மா என்றும் சொன்னேன்.

ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"சார், எனக்குக் கொடுத்தது முப்பது நிமிஷம். அதுல அஞ்சு நிமிஷம் போயிடுச்சு. நான் ஆரம்பிக்கலாமா?"

நான் உட்கார்ந்தேன்.

என் காலத்தில் ஐம்பது பக்கம் காட்டுவோம். முதல் பத்துப் பக்கம் எங்களைப் பற்றியே இருக்கும். ஜெசிந்தாவின் பிரசென்டேஷன் பதினோரு பக்கம்தான். லிங்கை முந்தின நாளே அனுப்பியிருந்தார். யார் எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றார்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரியுமாம். "நாலாவது பக்கத்தை ரெண்டு பேரும் திரும்பத் திரும்பப் பாத்திருக்கீங்க. அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்" என்றார். நாலாம் பக்கத்தில் தாம்பரம் மார்க்கெட்டின் ஒரு ஹார்டுவேர் கடை அலமாரியின் புகைப்படம். பழைய பெட்டி அதில் எங்கே இருக்கிறது என்று தனசேகரையே தேடச் சொன்னார். அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த பக்கத்தில் புதிய பெட்டி. விரலால் தள்ளினால் திரும்பியது. தனசேகர் அதைத் தன் போனில் நான்கு முறை திருப்பினார். "மூடி இப்படித் தொறந்தா ஆணி கீழ கொட்டிடும்மா" என்றார். ஜெசிந்தா தர்க்கம் செய்யவில்லை. அங்கேயே மூடியை மாற்றினார். முந்தைய வடிவம் அழியாமல் பக்கத்திலேயே நின்றது. கேட்பவரை வாயடைக்க வைப்பதுதான் பிட்ச் என்று நான் நாற்பது வருடம் நினைத்திருந்தேன். இவர் அவர்களையும் கூட உட்கார வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்.

ஓரக் குறிப்பு எழுதும் இடத்தை அவர்களுக்கும் திறந்துவைத்திருந்தார். தனசேகர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரையின் ஓரத்தில் அவர் பெயரிலேயே அது வந்தது: மஞ்சள் இல்லையா?

"இருக்கு சார். ஏழாவது பக்கம்" என்றார் ஜெசிந்தா.

ஏழாம் பக்கம் முழுக்க மஞ்சள்.

"டியூப்லைட் வெளிச்சத்துல, அவ்ளோ தூசிக்கு நடுவுல, பத்தடி தள்ளி நின்னாலும் தெரியற கலர் இதுதான். கடையில நிறுத்தி வெச்சுப் பாத்துட்டோம். நீங்க அன்னிக்குக் கேட்டது சரிதான் சார்."

தனசேகர் போனைக் கவிழ்த்து வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்த அந்த வரி, தொழில் ரீதியாகவும் தப்பு. ஒன்பது வருடத்தில் அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

12.15. தனசேகர் வாசல் வரை வந்தார். "அந்த அஞ்சாறு பேர்ல ரெண்டு பேர் இப்ப இல்ல சார், காலமாயிட்டாங்க. மீதிப் பேருக்கு நானே போன் பண்றேன்" என்றார். கை கொடுக்கவில்லை. கும்பிட்டார்.

திரும்பும்போது ஆட்டோ கிடைக்காமல் குன்றத்தூர் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, பம்மல் வழியாகப் பல்லாவரம் வந்தேன். ரயில் குரோம்பேட்டையில் நின்றபோது இந்த முறை எழுந்து கதவு வரை போனேன். மருந்துக் கடையின் பலகை தெரிகிறதா என்று பார்த்தேன்; தெரியவில்லை. அவர் என்னை வரச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டரை மணி. போக வர மொத்தம் ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. என் வீட்டு மாடியில் ஏறினால் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் விளக்குகள் தெரியும். அதற்கு அப்பால் மேற்கே எங்கோதான் திருமுடிவாக்கம். இவ்வளவு பக்கத்தில் இருந்த இடத்துக்குப் போக எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

பன்னிரண்டு நாள் கழித்து என் போனில் ஒரு லிங்க் வந்தது. ஜெசிந்தாவிடமிருந்து. ஒரு வார்த்தை இல்லை, லிங்க் மட்டும். திறந்தேன். மஞ்சள் பெட்டி, மாற்றிய மூடி, முதல் பக்கத்தில் "ஒப்புதல் ஆனது" என்ற வரி. கடைசிப் பக்கத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள். மூன்று பேர், யார் எதைச் செய்தார்கள் என்பதோடு. என் ஸ்டூடியோவில் கடைசிப் பக்கத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கும்.

நன்றாக இருக்கிறது என்று எழுத நினைத்து ஓரத்தில் விரலை வைத்தேன். "நீங்கள் பார்க்க மட்டுமே முடியும்" என்று வந்தது.

சரியான லிங்கைத்தான் அனுப்பியிருக்கிறார். முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு பக்கமாக மறுபடியும் பார்த்தேன். ஏழாவதில் வெகுநேரம் நின்றேன். நின்றது அவருக்குத் தெரியும்.