வலை போடாத ரேடியேட்டர்

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை முதல் நாள். மகன் வீட்டில் இருந்தான். மோட்டார் சைக்கிள் கழுவப்பட்டது, வெளியே எடுக்கப்படவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய். மகன் ஆவடியிலிருந்து ரயிலில் வேலைக்குச் சென்று திரும்பினான்.

ஏப்ரல் 16, புதன். காலை 8.30: மகன் கோவில்பதாகை வீட்டிலிருந்து வண்டியில் வண்டலூர் புறப்பட்டான். 12.50 அளவில்: திரும்பும் வழியில், வெளிவட்டச் சாலையில், நெமிலிச்சேரிக்கு முன்பாக வண்டியை ஓரத்தில் நிறுத்தினான். 1.05: அவன் வண்டியருகே தரையில் உட்கார்ந்திருப்பதை இளநீர் விற்பவர் ஒருவர் பார்த்தார். 1.10: சாய்ந்து விழுந்தான். 1.30: ஆம்புலன்ஸ் வந்தது. 2.05: மருத்துவமனையில், உயிர் ஏற்கெனவே பிரிந்துவிட்டது என்றார்கள். காரணம் மாரடைப்பு. வயது முப்பத்தெட்டு.

அதே நாள், மாலை. காவல் நிலையப் பதிவில் இரண்டு வரிகள்: ‘இருசக்கர வாகனம் பழுதாகி நின்ற நிலையில் வெயிலில் மயங்கி விழுந்துள்ளார். வாகனத்தின் முன்சக்கரத்தருகே பச்சை நிறத் திரவம் சிந்தியிருந்தது.’

இதுவரை எழுதியதில் என் கருத்து எதுவும் இல்லை. இனி எழுதுவதில் உண்டு.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் வெப்பப் பரிமாற்றம் கற்பித்தவன். சூடான பொருளிலிருந்து வெப்பம் எவ்வழியே, எவ்வளவு விரைவாக வெளியேறும் என்பதே என் பாடம். அதனால்தான் அந்த ஆண்டு பொங்கல் விடுமுறையில் மகன் என்னிடம் கேட்டான். அவனுடையது நீரால் குளிரும் எஞ்சின். முன்சக்கரத்துக்குப் பின்னால் ரேடியேட்டர் திறந்தபடி நிற்கும். மெல்லிய அலுமினியத் தகடுகளும் குழாய்களும். விரல் நகத்தால் அழுத்தினாலே மடங்கும்.

“வெளிவட்டச் சாலையில ஜல்லி லாரிங்க நிறையப்பா. பின்னாடி போனா கல்லு தெறிக்குது. ரேடியேட்டருக்கு ஒரு வலை போட்டுடலாமா?”

நான் காகிதத்தை எடுத்தேன். கம்பியின் தடிமன், கண்ணியின் அகலம், மறைபடும் பரப்பு. அவன் கேட்டது ஒரு வரி. நான் எழுதியது ஒரு பக்கம்.

“காத்தைத் தடுக்கும். அம்பத்தூர் நெரிசல்ல நிக்கிற வண்டிக்குக் காத்துதான் முக்கியம். வேண்டாம்.”

“ஹெட்லைட்டுக்கு?”

“அது அதைவிட வேண்டாம்.”

“சரிப்பா. நீங்க சொன்னா சரி.”

அவன் வாதாடவில்லை. வாதாடியிருக்கலாம் என்று பின்னாளில் பலமுறை நினைத்தேன்.

காவல் நிலையப் பதிவைப் படித்த அன்றே என் மனம் மீதிக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. லாரியிலிருந்து ஒரு கல். வலை இல்லாத ரேடியேட்டரில் ஓட்டை. குளிர்விக்கும் பச்சைத் திரவமான கூலன்ட் வடிகிறது, எஞ்சின் கொதிக்கிறது, வண்டி நிற்கிறது. சித்திரை வெயிலில் ஒருவன் நூற்று எழுபது கிலோ எடையைத் தள்ளிக்கொண்டு வருகிறான். நெஞ்சு தாங்கவில்லை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியிலிருந்து சரியாக வந்தது. முதல் படியில் என் கையெழுத்து இருந்தது.

வண்டியைக் காவல் நிலையத்திலிருந்து ஏற்றிவந்து, வீட்டு முகப்பில் நிறுத்தி, உறை போட்டு மூடினேன். ஏழு மாதங்கள் அது அப்படியே நின்றது. குனிந்து ஒரு கை விளக்கை அடித்துப் பார்த்தால் விடை தெரிந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் மாணவர்களிடம் அளந்து பாருங்கள் என்று சொல்லிவந்தவன், உறையின் நுனியைக்கூடத் தூக்கவில்லை. மனைவியிடமோ மருமகளிடமோ இதைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசியதில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மருமகள் கேட்டாள்.

“மாமா, வண்டி சும்மாதானே நிக்குது. அயனம்பாக்கத்துல என் தம்பிக்குக் குடுத்துடலாமா? அவன் கேக்கல. நானாத்தான் நினைச்சேன்.”

“குடுக்கலாம்மா. ரேடியேட்டரைப் பார்த்துட்டுக் குடுக்கணும்.”

“அதை அவன் பார்த்துப்பானே. நீங்க அலையணுமா?”

“நானே போறேன்.”

ஓட்டையோடு ஒரு வண்டியை இன்னொரு வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைக்க முடியாது. அந்த ஒரு காரணம்தான் என்னை எழுப்பியது. மறுநாள் காலை ஒரு லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்குப் போனேன். மகன் வழக்கமாக வண்டியைச் சர்வீஸுக்கு விடும் கடை அங்கே ஒரு சந்தில் இருக்கிறது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். வண்டியின் எண்ணைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு நான் நன்றியுடையவன்.

அவர் அப்போது இன்னொருவரின் வண்டியில் வேலையாக இருந்தார். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்பவர். வண்டியில் வலை போடாத இடமே இல்லை. ரேடியேட்டருக்கு வலை, ஹெட்லைட்டுக்குக் கம்பிக் கூண்டு, பக்கவாட்டில் இரும்பு வளைவுகள்.

“இன்னா மாமே, வண்டிக்கு ஜெயிலு கட்டிக்கீற?” என்றார் பாய்.

“சேஃப்டி பாய். கல்லு வந்து அட்ச்சா லைட்டு பூடும்ல.”

“கல்லு எப்பவோ ஒரு தபா வரும். இருட்டு டெய்லி வருதே. கம்பி நெழலு ரோட்டுல வுழுது, பள்ளம் எது, நெழலு எதுன்னு தெர்ல. அதான் போன வாரம் வுழுந்து வாரிக்கினு வந்த.”

“அது நாயி குறுக்க வந்துச்சு பாய்.”

“நாயி உன் வண்டியப் பாத்து மாடுன்னு நெனச்சிருக்கும்.”

“அப்ப ரேடியேட்டர் வலையும் கழட்டட்டா?”

“அது இருக்கட்டும். ஆனா மாசத்துக்கு ஒரு தபா கழட்டிக் கழுவு. உள்ள பாரு, சேறு, பூச்சி, ஆயுத பூசை மால நாரு வேற. காத்து எங்கேந்து போவும்?”

பொங்கலன்று நான் ஒரு பக்கம் முழுக்க எழுதியதை அவர் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். அவர் அந்த வலையை மறுக்கவும் இல்லை.

எங்கள் வண்டியின் முறை வந்தது. பாய் உட்கார்ந்து விளக்கை அடித்தார். நான் ஒரு கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

“கல்லு நல்லா அட்ச்சிருக்கு சார். தகடு மடங்கிக் கீது. பதினோரு எடம்.”

“ஓட்டை எங்கே?”

“கண்ணுல படல. காத்து அடிச்சுப் பாத்துர்லாம்.”

மூடியைத் திறந்து விரலை விட்டார். விரல் பச்சையாக நனைந்து வந்தது. “ரொம்பிக் கீதே சார்,” என்றார். மூடி இருந்த இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தினார். அதன் சிறிய வட்டமுகத்தில் முள் ஏறி நின்றது. எங்காவது ஓட்டை இருந்தால் முள் இறங்கிவிடும். மூக்குக்கண்ணாடியை நான் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆனாலும் அந்த முள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அது அசையவில்லை.

“இன்னொரு தரம் பாருங்க,” என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, காற்றை இறக்கி, மீண்டும் ஏற்றினார். முள் அதே இடத்தில் நின்றது.

“ரேடியேட்டர் கல்லு மாரி கீது சார்.”

“ஏப்ரல்ல ரோட்டுல பச்சையாக் கொட்டியிருந்ததே. போலீஸ்ல எழுதியிருக்காங்க. வண்டி நின்னுபோய் வெயில்ல தள்ளிக்கிட்டு வந்திருக்கான்.”

பாய் வண்டியின் பக்கவாட்டில் குனிந்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் குப்பி இருக்கிறது. எஞ்சின் சூடேறும்போது விரியும் கூலன்ட் அதற்குள் வந்து தங்கி, ஆறியதும் திரும்பிப் போகும். பக்கத்தில் இரண்டு கோடுகள்: கீழ்க்கோடு, மேல்கோடு. அவர் குப்பியின் வாயிலிருந்து கீழே தொங்கிய மெல்லிய குழாயைத் தடவினார். நுனியில் பச்சை உப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

“இதுல யாராச்சும் ஊத்தினீங்களா சார்? மேல்கோட்டுக்கு மேல, கழுத்து வரிக்கும்?”

எனக்கு உடனே நினைவு வந்தது.

சித்திரை முதல் நாளன்று எங்கள் வீட்டில் எதுவும் குறையாக இருக்கக்கூடாது. அரிசிப் பானை, உப்பு ஜாடி, பருப்பு டப்பா, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் விடிவதற்குள் மனைவி விளிம்பு வரை நிரப்பிவிடுவாள். அன்று வண்டி கழுவும்போது அந்தக் குப்பி பாதியாக இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். “நாளும் கிழமையுமா இது என்ன அரையும் குறையுமா? ரொப்புடா,” என்றாள். மகன் சிரித்துக்கொண்டே கூலன்ட் டப்பாவைத் திறந்தான். புனலைப் பிடித்தது நான். கோடு எதற்காகப் போட்டிருக்கிறது என்பது இந்த ஊரில் யாரைவிடவும் எனக்குத் தெரியும். கழுத்து வரை நிரம்பியதும் புனலை எடுத்தேன்.

அதைப் பாயிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“தப்பா நெனைக்காதீங்க சார். வருசப் பொறப்பு முடிஞ்சா நாலு வண்டி, ஆயுத பூசை முடிஞ்சா நாலு வண்டி, இப்பிடித்தான் வரும். ரேடியேட்டரு ஓட்டன்னு பதறிக்கினு வருவாங்க. ஒண்ணும் ஆவாது. அதிகமா இருந்தத வண்டி துப்பிடும். அதுவும் ஓடசொல்லோ துப்பாது. ஓட்டிக்கினு வந்து நிறுத்தினப்புறம்தான், ஒவ்வொரு தபாவும் கொஞ்சம் கொஞ்சமா துப்பும்.”

நிறுத்திய பிறகு. எஞ்சின் அணைந்ததும் பம்பும் நின்றுவிடுகிறது, உள்ளே தேங்கிய வெப்பம் சில நிமிடங்கள் கூலன்ட்டை மேலும் சூடாக்குகிறது, அது விரிகிறது, குப்பியில் இடம் இல்லாவிட்டால் சாலையில் வடிகிறது. இதை நான் தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். சாலையில் இருந்த பச்சை, வண்டி நின்றதால் சிந்தியது. அது சிந்தியதால் வண்டி நின்றது என்று நான் ஏழு மாதங்கள் தலைகீழாகப் படித்திருந்தேன்.

துப்பியது போகக் குப்பியில் இன்னும் அதிகமிருந்ததைப் பாய் உறிஞ்சி எடுத்தார்; ஏழு மாதம் நின்றதில் பேட்டரி இறங்கியிருந்தது, வேறு ஒன்றை இணைத்தார். இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. சூடு ஏறியதும் விசிறி தானாக ஓடியது, குறித்த சூட்டில் தானாக நின்றது.

“அன்னிக்கி வண்டி நிக்கல சார். தம்பிதான் நிறுத்திக்கீது. ஒடம்புக்கு முடியாம ஓரங்கட்டிக்கீது. தள்ற வேலயே இல்ல.”

பாய் டீ வரவழைத்தார். சர்க்கரை போட்டிருந்தது, குடித்தேன். ஏழு மாதமாகக் கழுத்தின் பின்புறத்தில் ஏதோ ஒன்று இறுகியிருந்தது என்பது, அது தளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மகன் இல்லை என்பதில் எந்த மாற்றமும் இல்லை. அவன் வெயிலில் வண்டியைத் தள்ளவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிந்தது.

வலையைப் பற்றிய என் கருத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஹெட்லைட் கூண்டு வேண்டாம் என்றது சரி. ரேடியேட்டருக்கு வேண்டாம் என்றது முழுவதும் சரியல்ல. பதினோரு இடங்கள் சாட்சி. அந்தச் சாலையில் தினமும் போகிறவனுக்கு அகன்ற கண்ணி உள்ள வலை பயன்படும், அதைக் கழற்றிக் கழுவுவான் என்றால். பாதி தவறான ஓர் ஆலோசனையை நான் சொன்னேன். அதனால் யாரும் சாகவில்லை.

வண்டியோடு திரும்பியபோது வீட்டு வாசலில் மருமகள் நின்றிருந்தாள். அவள் மாமியார் கோவிலுக்குப் போயிருந்தாள்.

“என்ன சொன்னார் மாமா?”

“ரேடியேட்டர்ல ஓட்டை இல்லைம்மா. வண்டியில எந்தப் பழுதும் இல்லை.”

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப அவர் வெயில்ல தள்ளிக்கிட்டு வரலையா?”

“இல்லைம்மா. தள்ளல. உடம்புக்கு முடியாம நிறுத்தியிருக்கான்.”

படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் அதே இரண்டு வரிகளைப் படித்திருக்கிறாள் என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? ஒரே கூரையின் கீழ் இருவரும் அதே மனிதனை அதே சாலையில் தினமும் தள்ளவிட்டிருக்கிறோம். நானும் படியில் உட்கார்ந்தேன். வலை வேண்டாம் என்று அவனிடம் நான்தான் சொன்னேன் என்பதை, அந்த நொடிவரை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததை, அவளிடம் சொன்னேன்.

“தெரியுமே மாமா. அன்னிக்கே சொன்னார். ‘அப்பா ஒரு பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினாரு. ஒண்ணும் புரியல. அதனால வாங்கல’ன்னு.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

இன்னும் செய்யாதவை:

மனைவியிடம் சொல்வது. பழுது இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். குப்பியை நிரப்பியதைச் சொன்னால், புனலைப் பிடித்தவன் நான் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

காவல் நிலையப் பதிவில் ‘பழுதாகி’ என்ற சொல்லை நீக்கக் கோரும் மனு. முதல் வரி மட்டும் எழுதியிருக்கிறேன்.

மருமகளின் தம்பிக்காக அகன்ற கண்ணி வலை. அவன் வேண்டுமென்று சொன்னால் மட்டும். கணக்குப் போட்டுக் காட்டாமல் கேட்க வேண்டும்.

வண்டியின் உறையை மடித்து வைப்பது.