மைசூர்ச் செங்கல் சுவரும் என் வயிற்றெரிச்சலும்

மைசூருக்கு எல்லோரும் அரண்மனை பார்க்கப் போவார்கள். நான் போனது என் தங்கச்சி பழுது பார்த்த ஒரு சுவரில் குற்றம் கண்டுபிடிக்க. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அரண்மனை விளக்கு, மிருகக்காட்சி சாலை, மைசூர் பாகு எல்லாம் தேடி வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம்.

தங்கச்சி என்றால் சித்தி மகள், ரேணு. என்னைவிட இரண்டு வயது சின்னவள். நான் கோபிசெட்டிப்பாளையத்தில் இருக்கிறேன். அவள் கல்யாணமாகி மைசூர் போனவள். மாமனார் ரயில்வே உத்தியோகத்துக்காக அங்கே குடியேறியவர். இரண்டு பேருக்கும் ஒரே தொழில்: பழைய கடைகள், அரிசி ஆலைகள், கிடங்குகள் இவற்றின் செங்கல் சுவரையும் கல் தூணையும் இடிக்காமல் சரி செய்து கொடுப்பது. நான் செய்தால் "ஒட்டுப் போடறா" என்பார்கள். அவள் செய்தால் "புதுப்பிக்கிறா" என்பார்கள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் அவள் பேச்சுத்தான் ஓடும். எனக்கு ரசத்துக்குச் சாதம் போடக்கூட ஆள் வராது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் சிவசாமி. எங்கள் ஊர்க் கடைவீதியில் பழைய ஜவுளிக்கடை அவருடையது. முகப்பில் மூன்று செங்கல் வளைவு, நான்கு கருங்கல் தூண். எந்தக் காலத்திலோ யாரோ மொத்தத்தையும் சிமென்ட் பூசி மூடி, இப்போது அது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அந்த வேலைக்கு நான் ரொம்ப நாளாகவே காத்திருந்தேன். கடைவீதி நடுவில் நிற்கிற கட்டடம், ஊரே பார்க்கும். அது கைக்கு வந்தால் அப்புறம் யாரும் ஒட்டுப் போடறவள் என்று சொல்ல முடியாது. தீபாவளி முடிந்ததும் அவரே கூப்பிட்டார். போனால், செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். சிவப்புச் செங்கல் வளைவுகள், சுத்தமான கல் தூண்கள், மைசூர். யார் வேலை என்று கேட்கவே தேவையில்லை.

"இதே மாதிரி வேணுமுங்க. ஒருக்கா போய்ப் பாத்துப்போட்டு உங்களால முடியுமான்னு சொல்லுங்க. இல்லீன்னா அவங்களையே கூப்பிட்டுக்கறனுங்க" என்றார். என் ஊர், என் கடைவீதி, அதற்கும் அவளா? அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

ரேணுவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினேன். கோபியிலிருந்து சத்தியமங்கலம் இருபத்தைந்து கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறினால் சத்தியில் சாமராஜநகர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். திம்பம் மலைச்சாலையை இரவில் மூடிவிடுவார்கள், காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் முந்திப் போய் ஒரு லாபமும் இல்லை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு ஏறுவது நல்லது. நானும் வெறும் வயிறுதான், ஆனால் அது வேறு காரணம். மேலே ஏறியதும் காடும் குளிரும் மூடுபனியும் அருமையாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருந்திருக்கும். நான் ரேணுவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமராஜநகரில் இறங்கி இட்லி சாப்பிட்டு, மைசூர் பஸ் ஏறினேன். அறுபது கிலோமீட்டர் சொச்சம், எழுபது ரூபாய் சொச்சம். இந்த ரூபாய் எனக்கு மட்டும்தான். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் ஆதார் கார்டை நீட்டி இலவச டிக்கெட் வாங்கினார்கள். நானும் நீட்டினேன். கண்டக்டர் முகவரியைப் பார்த்துவிட்டு, தமிழ்நாடு என்றால் காசு கொடுக்க வேண்டும் என்று சிரித்தார். நம் ஊர் டவுன் பஸ்ஸிலும் பெண்களுக்கு இலவசம்தான். பொறாமையில் இருக்கும்போது அதெல்லாம் ஞாபகத்துக்கு வருமா? ரேணுவுக்கு இந்த பஸ்ஸும் சும்மா என்ற நினைப்பிலேயே நஞ்சன்கூடு தாண்டிவிட்டது.

பத்தரைக்கு மைசூர். பஸ் நிலையத்திலிருந்து, அந்தக் கட்டடம் இருக்கிற அக்ரஹாரத்துக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். நடந்தாலும் இருபது நிமிடம்தான். ஆட்டோக்காரரிடம் பழைய கடைக் கட்டடம் என்று ஆரம்பிப்பதற்குள் அவரே தமிழில் முடித்தார்.

"அந்தச் செவப்புக் கட்டடம்தானேம்மா? எல்லாரும் ஃபோட்டோக்கே வர்றாங்க. நம்ம தமிழ் மேடம் ஒருத்தங்க மாடித்தாங்க, செஞ்சாங்க."

மேடமாம். அவளுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுவிட்டதே நான்தான்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே எட்டுக் கடை, மேலே அலுவலகங்கள். எட்டுக் கடைக்கும் எட்டு வளைவு. காலை பதினொரு மணிக்குள் போனால் வெயில் சாய்வாக விழும். செங்கல் வேலையின் யோக்கியதை அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்; ஒரு கல் துருத்தினாலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் முதல் வளைவிலிருந்து எட்டாவது வளைவு வரை பார்த்தேன். நிழல் விழவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த கலவையை நகத்தால் கீறினேன். சிமென்ட் என்றால் நகம் வழுக்கும், மட்டமான சுண்ணாம்பு என்றால் மாவாகக் கொட்டும். இது இரண்டும் செய்யவில்லை. உடைந்த செங்கல்லைத் திருப்பிப் போட்டு நல்ல பக்கத்தை வெளியே வைத்திருந்தாள். தூணில் மூளி விழுந்த இடத்தில் மட்டும் அளவாகக் கல் துண்டு வைத்து, பக்கத்துக் கல்லைப் போலவே கொத்திவிட்டிருந்தாள். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் சுவரில் தெளித்தேன். சுவர் அழகாகக் குடித்தது; சிமென்ட் பூசி அடைத்திருந்தால் வழிந்து ஓடியிருக்கும். துணிக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. வார்த்தைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. எனக்கு மனசாட்சி இருக்கிறது, நன்றாக இருக்கிற வேலையை நன்றாக இல்லை என்று சொல்ல வராது. அதனால் குறை கிடைக்கிற இடமாகத் தேடினேன்.

கட்டடத்தின் இடது பக்கம் ஒரு குறுகலான சந்து. வாயிலில் டீக்கடை, அதைத் தாண்டி நாலு சிலிண்டர், பழைய பெஞ்சு. அதற்குப் பின்னால் சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது! இரண்டடி உயரத்துக்குப் பூச்சு புடைத்துப்போய், தொட்டால் உதிர்ந்தது. ஓதம் ஏறுகிற சுவரைப் பழுது பார்க்கிற யாருக்கும் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, லாட்டரி விழுந்தவனுக்குக்கூட வந்திருக்காது. குனிந்து படம் எடுத்தேன். டீக்கடைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்து வந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று சிவசாமிக்கு அனுப்பினேன்: "மைசூர் வேலையைப் பாருங்க. ஒரு மழைக்கே உப்பு பூத்திருச்சு." அதற்கப்புறம்தான் டீ குடித்தேன். நல்ல டீ, பத்து ரூபாய்.

மனசு லேசாகிவிட்டதால் ரேணுவுக்கும் போன் போட்டேன். அவள் வீடு பக்கத்துத் தெருவிலேயே, கோயிலை ஒட்டிய ஒரு மாடி வீடு. உடனே வரச்சொன்னாள். போனதும் சாப்பாடு போட்டாள். மைசூரில் ஒரு வேலை விஷயமாக வந்தேன் என்று சொல்லி வைத்தேன். அவளும் துருவவில்லை. சொல்ப ரசம், சொல்ப மோர் என்று பாதிக் கன்னடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் மோர் சாதம் பிசையும்போது அவள் செல்போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் அனுப்பிய அதே படம். சிவசாமி அதை அப்படியே அவளுக்கு அனுப்பி, இது என்னங்க என்று கேட்டிருக்கிறார். இந்த மனிதர் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"யார் எடுத்ததுன்னு அவர் சொல்லல அக்கா. ஆனா இந்தச் செருப்பு எனக்குத் தெரியும்" என்றாள் ரேணு.

படத்தின் ஓரத்தில், கீழே, என் பச்சை வார் செருப்பு. போன மாதம் கல்யாணத்தில் அவளே நன்றாக இருக்கிறது என்று சொன்ன செருப்பு. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் போடவில்லை.

"நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல. உன்னைச் சாரம் கட்டி மேல வரைக்கும் ஏத்திக் காட்டியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பிறகு கை கழுவிக்கொண்டு வரச்சொன்னாள்.

மறுபடி அதே சந்து. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, நான் அப்போதே சொல்ல வந்தேனே என்கிற மாதிரி தலையை ஆட்டினார். ரேணு ஒரு கத்தியை என் கையில் கொடுத்துச் சுரண்டச் சொன்னாள். உப்பும் பூச்சுமாகக் கொட்டியது. உள்ளே இருந்த செங்கல் காய்ந்து, கெட்டியாக, சிவப்பாக இருந்தது. அப்போதுதான் மேல் விளிம்பைப் பார்த்தேன். ரசமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. தானாகப் புடைத்த பூச்சு நேர்கோட்டில் நிற்குமா? அது வேண்டுமென்றே பூசிய பூச்சு. முன்பு இங்கேயும் பூசியிருந்த சிமென்டுக்குள் வருஷக்கணக்கில் அடைபட்டிருந்த சுவரின் உப்பை இழுப்பதற்காக, மெலிதாகச் சுண்ணாம்பு பூசி விடுவது. மழைக்குப் பிறகு உப்பைக் குடித்து அது உதிரும். சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். உப்பு வருவது நிற்கிறவரை இப்படித்தான். எனக்குத் தெரியாத வித்தை இல்லை. ஓர் அரிசி ஆலையில் நானே செய்திருக்கிறேன். நேர்கோடு என் படத்திலேயே பளிச்சென்று இருக்கிறது. எரிச்சலில் வெள்ளை மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

ரேணு அங்கேயே நின்று சிவசாமிக்குப் போன் போட்டாள். வேலை போச்சு, மானமும் போச்சு என்றுதான் நினைத்தேன். உப்பு விஷயத்தை அவருக்கு விளக்கிவிட்டு அவள் சொன்னது இது:

"படம் எடுத்தது எங்க அக்காங்க. டீக்கடைக்குப் பின்னாடி, சிலிண்டரைத் தாண்டிப் போய்ப் பாத்திருக்காங்க. இதுவரைக்கும் வந்த ஒரு இன்ஜினியர்கூட அங்க போனதில்லீங்க. உங்க கடைக்கு அந்தக் கண்ணுதான் வேணும். எனக்கு இங்கயே கை நிறைய வேலை இருக்கு, நான் வரலீங்க."

நல்லவள்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் வேண்டாம் என்று தள்ளியதால் எனக்குக் கிடைத்த வேலை இது. கை நிறைய வேலை இருக்கிறதாம். பஸ்ஸில் திரும்பும்போது நன்றியும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. திம்பம் இறங்கும்போது எரிச்சல்தான் மேலே இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அன்றைக்கே திரும்ப வேண்டுமென்றால் மைசூரில் இரண்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள், மலைப்பாதை மூடிவிட்டால் இரவு சாமராஜநகரில்தான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் சாத்தியிருக்கும்போது போனால் வளைவுகளை மறைக்கிற துணியும் பலகையும் இருக்காது. சுவரில் தண்ணீர் தெளிப்பதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள். டீக்கடைக்காரர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். படம் எடுக்கும்போது காலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவசாமி கடையில் வேலை ஆரம்பித்து, இரண்டு வளைவு முடிந்துவிட்டது. சாரம் இறக்குவதற்குள் ரேணு பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எந்தத் தேதி என்று சொல்லவில்லை. பக்கத்து டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், கடையை ஒட்டிய சந்துக்குள் போய்ச் சுவரடியைக் குனிந்து பார்க்கிற பெண் யாராவது வந்தால் எனக்கு உடனே போன் பண்ண வேண்டும் என்று. ஓடிப்போய்த் தடுக்க இல்லை. அவள் தேடட்டும், நகத்தால் கீறட்டும், தண்ணீர் தெளிக்கட்டும். ஒன்றும் கிடைக்காமல் நிமிர்கிறபோது அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும். அவளுக்கும் ஒரு நாளாவது வயிறு எரிய வேண்டாமா? அதற்குத்தான் இவ்வளவு சுண்ணாம்பு குழைக்கிறேன்.