சிம்ராவின் சிஸ்டம்

நம்பாதவர்கள் கோடம்பாக்கம் போய் சக்திவேலைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். சாமியையும் நம்பமாட்டார், பேயையும் நம்பமாட்டார். அவர் கண் முன்னால்தான் இது நடந்தது. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் சகினா. தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மூன்றாவது மாடியில், அப்துல் சமத் பாய் எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறார். எந்த இடத்தில் எந்த நூல் ஓட வேண்டும் என்று மெஷினுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது என் வேலை. தொழிலில் ஒன்பது வருடம். பாயிடம் சேர்ந்து இரண்டு வருடம்.

நான் சேர்ந்தபோதே அங்கே சிம்ரா இருந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். ஜன்னலோர சீட் அவளுக்கு. பெரிய மானிட்டர் அவளுக்கு. கல்யாண ஆர்டர் மொத்தமும் அவளுக்கு. "சிம்ரா போட்ட மயில் மாதிரி போடுங்க" என்று ஜவுளிக்கடைக்காரர்கள் என்னிடமே வந்து சொல்வார்கள். தலையாட்டுவேன். வயிறு எரியும். அவள் டீ குடிக்க எழுந்து போனால் அவளுடைய ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பேன். அதே சாஃப்ட்வேர்தான். அதே நூல்தான். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

போன வருடம் திடீரென்று வேலையை விட்டாள். கல்யாணமாகி வாணியம்பாடிக்குப் போய்விட்டதாகப் பாய் சொன்னார். நான் போன் செய்துகூட வாழ்த்தவில்லை. அடுத்த நாளே அந்த சீட்டையும் அவள் சிஸ்டத்தையும் கேட்டு வாங்கினேன்.

அந்த வாரம் சக்திவேல் வந்து பழைய ஓஎஸ்ஸை மாற்றிப் புதியது போட்டார்.

"சிம்ராங்கிற பேரை எடுத்துடுங்க. என் பேரு போடுங்க" என்றேன். எடுத்தார். அந்தப் பெயர் ஸ்கிரீனிலிருந்து மறைந்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

திங்கட்கிழமை காலை 11.42. ஒரு மயில் போட்டு முடித்து சேவ் கொடுத்தேன். ஸ்கிரீன் நீலமானது. சிஸ்டம் தானே அணைந்து, தானே எழுந்தது.

12.20. மறுபடியும்.

2.05. மறுபடியும். நான் சேவ் கொடுக்கும்போது மட்டும்.

ஃபைல் மட்டும் எப்படியோ தப்பித்துத் திரும்ப வந்தது. திறந்து பார்த்தேன். நான் மயிலின் கழுத்தை நேராகப் போட்டிருந்தேன். இப்போது லேசாக வளைந்திருந்தது... அழகாக. என் கை அப்படிப் போடாது. அது அவள் கை.

எங்கிருந்தோ நெட் வழியாக உள்ளே வருகிறாள் என்று நினைத்தேன். போன பிறகும் சீட்டை விடமாட்டாளா? கோபத்தில் நெட் கேபிளைப் பிடுங்கினேன்.

3.31. நீலம். இந்த முறை தோகை மாறியிருந்தது.

புதன்கிழமை சக்திவேல் வந்தார். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டார். பவர் சப்ளையை மாற்றினார். கடைசியில் மயில் ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கையே சுத்தமாக அழித்து, ஓஎஸ்ஸையும் சாஃப்ட்வேரையும் முதலிலிருந்து போட்டார். நெட் கேபிள் தரையில்தான் கிடந்தது.

"இப்போ சேவ் பண்ணுங்கக்கா. ஒண்ணும் ஆவாது."

மணி 5.48. சேவ் கொடுத்தேன்.

டக்.

நீலம்.

சிஸ்டம் எழுந்தது. லாகின் பக்கத்தில் இரண்டு பெயர்கள். சகினா. அதற்குக் கீழே... சிம்ரா.

"நீங்க போட்டீங்களா?"

"நான் இன்னாத்துக்குக்கா போடப்போறேன்? எல்லாத்தையும் அழிச்சு அர மணி நேரங்கூட ஆவல."

சிம்ராவை அழித்தார். ரீஸ்டார்ட் கொடுத்தார்.

6.02. இப்போது ஒரே பெயர்தான் இருந்தது.

சகினா இல்லை.

சக்திவேல் சிம்ரா என்ற பெயரைத் தொட்டார். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. திறந்தது. சேவ் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அவர் நெற்றியெல்லாம் வேர்வை. பையை எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பேர்லயே ஓட்டிக்கோங்கக்கா. இதுக்கு இனிமே என்னைக் கூப்டாதீங்க."

ஓட்டினேன். அந்த மயிலைக் கடைக்காரர் பார்த்தவுடனே ஓகே செய்தார். "சிம்ரா போட்ட மாதிரியே இருக்கும்மா" என்றார் பாய். செத்துவிடலாம் போலிருந்தது. தினமும் காலையில் அவள் பெயரைத் தொட்டுத்தான் என் வேலையைத் தொடங்க வேண்டும். பதினொரு நாள் பொறுத்தேன். பன்னிரண்டாம் நாள் மாலை 4.15க்கு அவளுக்கே போன் போட்டேன்.

"சிம்ரா, இன்னும் உன் பேர்லதான் அந்த சிஸ்டம் ஓடுது. என்ன பண்ணிட்டுப் போன?"



"அக்கா... உங்க பேர்ல ஓடலையா?"

"இல்ல."

"என் பேர்லயும் ஓடலக்கா."

"என்ன சொல்ற? உன் பேர்லதான் ஓடுது!"

"என் பேரு தூபா."

நான் ஸ்கிரீனில் இருந்த பெயரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டே போனாள்.

"நான் சேர்ந்தப்பவும் இப்படித்தான் அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பேர்ல போட்டா ஓடும். டிசைனும் தானா மாறும். ஒண்ணுகூட நான் போட்டதில்லக்கா."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது சந்தோஷம். அந்த மயில் அவளுடையதில்லை!

"அப்புறம் பாய் அந்தப் பேர்ல கூப்பிட ஆரம்பிச்சாரு. எல்லாரும் கூப்பிட்டாங்க. ஒரு நாள் வீட்ல அம்மா தூபா, தூபான்னு கூப்பிட்டாங்க... யாரையோ கூப்பிடுறாங்கன்னு உக்காந்திருந்தேன். அன்னிக்கே வேலையை விட்டுட்டேன்."

"அப்போ சிம்ரா யாரு?"

"தெரியல. எனக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்தவங்களுக்கும் அது பேரு இல்லையாம்."

போனை வைத்தேன். மணி 4.21.

பின்னால் பாய் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"வந்துட்டேன் பாய்" என்று எழுந்தேன்.

இரண்டு அடி வைத்த பிறகுதான் உறைத்தது...

அவர் சகினா என்று கூப்பிடவில்லை.